கடல் பட்டியலில் இல்லை

மனித குலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு முறைகூடப் பயணம் செய்ததில்லை. சுற்றுவது வேறு, பயணம் வேறு என்று உலகத்துக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு கடைசியில் காஞ்சிபுரத்தின் தலையில்தான் விழுந்தது. எங்கள் ஊரும் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. 'உலகப் பாரம்பரியப் பொருள்மிகு பயணப் பேரவை' உதயமாயிற்று. அதன் கௌரவச் செயலாளர் வேணுகோபால் என்பவன் நான்தான். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பேரவையின் பெருமையை அடக்கத்தோடுதான் எழுத வேண்டும் என்று தீர்மானம் இருக்கிறது. அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவனும் நானே.

பேரவை பிறந்த கதை உருக்கமானது. எங்கள் தலைவர் கைலாசம் அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துறை என்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால் வீட்டில் காப்பி கேட்பதற்குக்கூட மேடைத் தமிழில்தான் பேசுவார் என்பதால், பதவி பெரியது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகள் அபிநயா, அவரைக் கம்போடியாவுக்கு அழைத்துப்போய் அங்கோர் வாட்டைக் காட்டினாள். திரும்பி வந்த வாரமே ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டார். தலைவர் யோசித்தார். ரசம் வந்தது, மோர் வந்தது. இலையை மடிக்கும்போது "வெயில்" என்றார்.

உலகமே வியக்கும் சின்னம் ஒன்றைப் பார்த்துவிட்டு வெயிலை மட்டும் கொண்டுவந்திருக்கிறோமே என்ற துக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. மகளிடம் போனில் சொல்லி வருந்தினார். அப்பா போனது டூரிஸ்டாக, போக வேண்டியது பொருள்மிகு பயணியாக என்று அவள் விளக்கினாள். அவள் ஆபீசில் இதற்கென்றே ஒரு வகுப்பு நடந்ததாம். அதன் படங்களை அனுப்பிவைத்தாள். ஒவ்வொரு படத்திலும் ஒரு மலையும், அதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் ஒரு வெள்ளைக்காரரும் இருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டால்தான் மலை உள்ளே போகும் என்று தலைவர் அதற்குப் பொருள் கண்டார்.

பொருள் என்ற சொல்லால் தொடக்கத்தில் கொஞ்சம் குழப்பம் ஏற்பட்டது உண்மை. திருமண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் முதல் கூட்டம் நடந்தபோது, பாதிப் பேர் ஏதோ பொருள் விற்கப்போகிறோம் என்று நினைத்துப் பையோடு வந்திருந்தார்கள். முசரவாக்கத்திலிருந்து முருகேசன் வந்தார். விவசாயக் குடும்பம், இப்போது கட்சி, மனை வியாபாரம் இரண்டிலும் கால் வைத்திருப்பவர். பாரம்பரியம் என்றால் பட்டா இல்லாத பழைய நிலம் என்று எண்ணிக்கொண்டு வந்தவர், விஷயம் தெரிந்த பிறகும் எழுந்துபோகவில்லை. மேடை இருக்கும் இடத்தைவிட்டு அவர் சும்மா போக மாட்டார். அவரைப் பொருளாளர் ஆக்கினோம். அவர் மனைவி பெரியநாயகி அம்மாள் துணைத்தலைவர் ஆனார். அவர் அந்தப் பதவியைக் கேட்கவில்லை என்பதையும் அன்று அவர் ஊரில் இல்லை என்பதையும் அவருடைய தன்னடக்கத்துக்குச் சான்றாகக் குறிப்பிடுகிறேன்.

எந்தப் பேரவைக்கும் 'அனைத்துச் சமூகப் பிரதிநிதித்துவம்' வேண்டும் என்றார் தலைவர். அப்படித்தான் உம்முசல்மா எங்களிடம் வந்து சேர்ந்தார். அவர் கணவர் ஜியாவுதீன் பாய் எங்கள் கடைக்கு எதிரில் லைனிங் துணிக் கடை வைத்திருக்கிறார். உம்முசல்மா வீட்டில் இருந்தபடியே பட்டுப் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்து, முந்தானைக்குக் குச்சு கட்டிக் கொடுப்பவர். காந்தி ரோட்டில் விற்கும் புடவைகளில் பாதி அவர் மடியைத் தாண்டித்தான் கல்யாண மேடைக்குப் போகும். நான் போய்ப் பேரவையைப் பற்றி விளக்கியபோது அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாமல்லபுரம் என்ற சொல் வந்ததும்தான் நிமிர்ந்தார்.

"அங்க கடல் இருக்குதுல்ல சார்?" என்றார்.

இருக்கிறது என்றேன். அப்படியானால் வருகிறேன் என்றார். அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கடலைப் பார்த்ததே இல்லை. சென்னைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறார். எழும்பூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்; பாரிமுனையில் நூல் வாங்கப் போயிருக்கிறார்; திருவல்லிக்கேணியில் சொந்தக்காரர்கள் வீட்டு நிக்காஹ்களுக்குப் போயிருக்கிறார். திருவல்லிக்கேணியில் தெருவைத் தாண்டினால் கடல். ஆனால் ஒவ்வொரு தடவையும் பிரியாணி தேக்சா கழுவி முடிப்பதற்குள் ஊர் திரும்பும் வண்டி வந்துவிடும். அடுத்த தடவை பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அப்படியே கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்து, அவர்களும் வெளியூர் போய்விட்டார்கள். கடல் அடுத்த தடவையிலேயே நின்றுவிட்டது.

அவருடைய ஆசையை நான் கூட்டத்தில் தெரிவித்தேன். தலைவர் முகம் சுருங்கியது. உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலைத் தன் போனில் எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மேலிருந்து கீழே ஒரு முறையும் கீழிருந்து மேலே ஒரு முறையும் படித்தார். மாமல்லபுரத்துக் கோயில்கள் இருந்தன, ரதங்கள் இருந்தன, பாறைச் சிற்பங்கள் இருந்தன.

"கடல் பட்டியலில் இல்லை" என்று அறிவித்தார்.

தென்னேரியிலிருந்து வந்திருந்த ஒருவர், இயற்கைப் பாரம்பரியம் என்று ஒரு பிரிவு உண்டாமே, எங்கள் ஏரியைப் பார்க்கலாமே, இந்த வருஷம் தண்ணீர் நிறைய இருக்கிறது, பறவைகளும் வந்திருக்கின்றன என்றார். ஏரியில் தண்ணீர் இருப்பதைப் பேரவை மறுக்கவில்லை என்றும், ஆனால் பறவைகள் தங்களாக வந்தவை, யாரும் அவற்றை அறிவிக்கவில்லை என்றும் தலைவர் பதில் சொன்னார். கடைசியில் பெருந்தன்மையோடு ஒரு தீர்மானம் நிறைவேறியது: கடல் என்பது சின்னத்தின் பின்னணி, உறுப்பினர்கள் அதைத் தற்செயலாகப் பார்க்கலாம், வேண்டுமென்றே பார்க்கக் கூடாது.

அடுத்த முக்கியப் பணி உணர்வு ஒதுக்கீடு. சின்னத்தின் முன் போய் நின்று என்ன உணர்வது என்று யோசிக்கத் தொடங்கினால் அங்கோர் வாட்டில் நேர்ந்த கதிதான் நேரும் என்பதால், யார் என்ன உணர வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்தோம். முருகேசனுக்கு 'வியப்பு'. பெரியநாயகி அம்மாளுக்குப் 'பணிவு'. எனக்குக் 'காலத்தின் நிலையாமை'. கணக்கு எழுதுபவன் என்பதால் அது பொருந்தும் என்றார்கள். தலைவர் 'பெருமிதம்' என்பதை வேறு யாரும் ஏற்க முன்வராததால் தாமே ஏற்றார். உம்முசல்மாவுக்கு விவாதமே இல்லாமல் 'நல்லிணக்கம்' ஒதுக்கப்பட்டது. நல்லிணக்கத்தைக் கல்லைப் பார்த்து எப்படி உணர்வது என்று அவர் கேட்டார். வந்து நின்றாலே போதும், மற்றதை நாங்கள் உணர்ந்துகொள்கிறோம் என்று தலைவர் அவரைத் தேற்றினார்.

பயண நாளும் வந்தது. டேனியல் என்பவரின் வேன். ஏறியதும் தலைவர் ஜன்னல் திரைகளை இழுத்துவிடச் சொன்னார். வழியில் வயலையும் மலையையும் பார்த்துக்கொண்டே போனால் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, சின்னத்துக்கு மிச்சம் இருக்காது என்பது அவர் கருத்து. ஆகவே வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் ஆகிய ஊர்களை நாங்கள் அரையிருட்டில் கடந்தோம்.

"தெரைய மூடிக்கினு போறதுக்கு இவ்ளோ தூரம் எதுக்கு சார்? நம்ம ஊரு ரங்கசாமி குளத்தையே சுத்திச் சுத்தி வந்துருக்கலாமே" என்றார் டேனியல்.

அவர் உறுப்பினர் அல்லாதவர் என்பதால் அது குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

மாமல்லபுரத்தில் இறங்கியதும் பயணத்தின் தொடக்க விழா வாகன நிறுத்துமிடத்தில் நடந்தது. தலைவருக்கு முருகேசன் சால்வை அணிவித்தார். முருகேசனுக்குத் தலைவர் அணிவித்தார். சால்வை ஒன்றுதான் என்பதால் அது இருவருக்கும் இடையே சில முறை போய் வந்தது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பிறகு அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தின் முன்னால் போய், அதற்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றோம். முருகேசன் தன் வியப்பைப் போனில் பதிவு செய்தார். முதல் முறை வியக்கும்போது பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்தினார்கள். இரண்டாம் முறை கட்சிப் பெயர் வாய்தவறி வந்துவிட்டது. நல்ல வியப்பு அமைவதற்குள் என் நிலையாமைக்கு நேரம் இல்லாமல் போயிற்று.

அடுத்து கடற்கரைக் கோயில். வாசலைத் தாண்டியதுமே காற்று வேறாக இருந்தது. உம்முசல்மா நடையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். தலைவர் தீர்மானத்தை நினைவூட்டும் விதமாக அவரைப் பார்த்தார். கோயிலுக்கு முன் குழுப் படம் எடுக்க ஒரு போட்டோக்காரரைப் பிடித்தோம். எல்லோரும் நேராகப் பார்த்துச் சிரித்தோம். படம் எடுத்து முடித்துத் திரும்பினால், பிரதிநிதித்துவம் இல்லை.

தேடினோம். சன்னதிப் பக்கம் இல்லை. நந்தி வரிசைப் பக்கம் இல்லை. கடைசியில் பெரியநாயகி அம்மாள்தான் வேலி ஓரம் நின்று கையை நீட்டினார். உம்முசல்மா வாசல் வழியாக வெளியே போய், கடைகளைச் சுற்றிக்கொண்டு, வேலிக்கு அப்பால் மணலில் இறங்கியிருந்தார். கறுப்பு புர்காவின் ஓரம் நனைந்திருந்தது. ஒரு செருப்பு கையில் இருந்தது. மற்றொன்றை அலை எடுத்துப் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைத் துரத்தவில்லை. தண்ணீர் கணுக்காலுக்கு வந்து போக, வந்து போக, எதிரே பார்த்தபடி நின்றார். வேண்டுமென்றே பார்த்தார் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை.

தலைவர் வேலியைப் பிடித்துக்கொண்டு அழைத்தார். காற்று அவருடைய மேடைத் தமிழை அப்படியே திருப்பி எங்கள்மேல் போட்டது. அவரே போய் அழைக்கலாம்தான். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் பட்டியலுக்கு வெளியே இருக்கிறது. தலைவர் பதவியில் இருப்பவர் அங்கே கால் வைத்தால் தவறான முன்னுதாரணம் ஆகிவிடும். ஆகவே டேனியலை அனுப்பினார். டேனியல் சுற்றிக்கொண்டு போய் உம்முசல்மாவிடம் ஏதோ சொன்னார். அவர் தலையசைத்தார். பிறகு டேனியல் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு அவருக்குச் சற்றுத் தள்ளித் தாமும் நின்றுவிட்டார்.

டேனியலையும் சேர்த்து அழைத்துவரப் பெரியநாயகி அம்மாள் போனார். போன வேகத்தைப் பார்த்தபோது எங்களுக்கு நம்பிக்கை பிறந்தது. அந்த வேகம் அப்படியே தண்ணீருக்குள் போயிற்று. அவரை அழைத்துவர மற்றப் பெண்கள் போனார்கள். பெண்களை அழைத்துவரத் தென்னேரிக்காரர் போனார். முருகேசன் கோபத்தோடு, இப்போது பாருங்கள் என்று சொல்லிவிட்டு, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு கையில் மாங்காய்த் துண்டும் மறு கையில் மனைவியின் கையுமாக அவர் அலையில் குதித்துக்கொண்டிருப்பதை நாங்கள் பார்த்தோம். அவர் முகத்தில் வியப்பு இருந்தது. ஆனால் அது பதிவு செய்யப்படவில்லை.

வேலிக்கு இந்தப் பக்கம் தலைவரும் நானும் மட்டும் மிஞ்சினோம். நானும் அழைத்துவரட்டுமா என்று கேட்டேன். "நீங்கள் போகக் கூடாது" என்றார். அவர் குரலில் இருந்தது கண்டிப்பா கெஞ்சலா என்பதை இன்றுவரை என்னால் முடிவு செய்ய இயலவில்லை.

கடமை தவறாத தலைவர் என்னை ஓர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஐந்து ரதத்துக்குப் போனார். உறுப்பினர்கள் வராததற்காக அவர்களுடைய உணர்வுகள் வீணாகக் கூடாது என்று சொல்லி, பெருமிதத்தோடு முருகேசனின் வியப்பையும் சேர்த்துத் தாமே உணர்ந்தார். பெரியநாயகி அம்மாளின் பணிவை நான் உணர்ந்தேன். நல்லிணக்கத்தை ஒருவராக உணர முடியாது என்பதால் இருவரும் கைகுலுக்கிக்கொண்டோம். ஆட்டோக்காரர் என்ஜினை அணைக்காமலே காத்திருந்தார்.

திரும்பும்போது வேனில் திரைகள் திறந்திருந்தன. யார் திறந்தது என்று தெரியவில்லை. எல்லோர் காலிலும் மணல். உம்முசல்மா ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் இருந்தார். பெரியநாயகி அம்மாள் அவரிடம், அவ்வளவு நேரம் என்னம்மா பார்த்தாய் என்று கேட்டார். "ஒண்ணும் இல்லக்கா. சும்மா பாத்துக்கினு இருந்தேன்" என்றார் உம்முசல்மா. முன் சீட்டில் இருந்த தலைவரின் பின்கழுத்து விறைத்தது எனக்குத் தெரிந்தது. பொருள்மிகு பயணத்தின் வரலாற்றில் 'சும்மா' என்ற சொல் ஒலித்தது அதுவே முதல் முறை.

பேரவையின் மானத்தைக் காப்பாற்ற வேண்டிய நிலை. அன்று மாமல்லபுரத்துக்கு வந்திருந்த முருகேசனின் கட்சி நண்பர்கள் சிலர், பொருளாளர் கடலில் மாங்காய் தின்றதைப் பார்த்துவிட்டார்கள். அவர் அரசியல்வாதி, சமாளிக்கத் தெரிந்தவர். மறுநாள் காலையில் ஊர் வாட்ஸாப் குழுக்களில் ஒரு செய்தி வந்தது: 'கடலை நோக்கிச் சென்ற பெண்மணி! உயிரைப் பணயம் வைத்து மீட்ட பேரவையினர்!' கூடவே, முழங்கால் அளவுத் தண்ணீரில் முருகேசன் நிற்கும் படம். பெண்மணியின் பெயர் போடவில்லை. ஆனால் புர்கா அணிந்தவர் என்று போட்டிருந்ததால் பெயர் தேவைப்படவில்லை.

மதியத்துக்குள் ஜியாவுதீன் பாயின் கடையில் துணி வாங்காதவர்களின் கூட்டம் சேர்ந்துவிட்டது. வீட்டில் என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். ஆற்காட்டிலிருந்து உம்முசல்மாவின் அண்ணன் பஸ் பிடித்து வந்து, தங்கையை ஏன் இந்த நிலைக்கு ஆளாக்கினாய் என்று பாயின் சட்டையைப் பிடித்தார். ஆம்பூரிலிருந்து சித்தி வந்து, உயிரோடு உட்கார்ந்து குச்சு கட்டிக்கொண்டிருந்தவரைக் கட்டிப்பிடித்து அழுதார். வழக்கமாகப் புடவை கொடுக்கும் ஒரு முதலாளியம்மா, கல்யாணப் புடவை, இந்த நேரத்தில் வேண்டாம் என்று ஆள் அனுப்பித் திரும்ப வாங்கிக்கொண்டார். கடலை ஒரு பெண் தனியாகப் பார்த்தாள் என்றால் அதில் விழத்தான் பார்த்தாள் என்பதில் ஊர் ஒருமனதாக இருந்தது. நல்லிணக்கம் இவ்வளவு சீக்கிரம் கைகூடும் என்று பேரவைகூட எதிர்பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கு விசாரணைக்குக் கூடினோம். குற்றச்சாட்டுகளை நான் வாசித்தேன். தற்செயல் வரம்பை மீறிக் கடலைப் பார்த்தது. பட்டியலில் இல்லாத இயற்கைக்கு அனுமதியின்றிச் செருப்பு வழங்கியது. துணைத்தலைவர் உள்ளிட்டோரை ஈரமாக்கியது. ஈரமானவர்கள் எல்லோரும் தாங்கள் அழைத்துவரத்தான் போனோம் என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். பெரியநாயகி அம்மாள் மட்டும் எதுவும் சொல்லாமல் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். உம்முசல்மா பிரதிநிதியாக வந்தவர் என்பதால், அவர் பார்த்தது அவர்கள் தெரு முழுவதும் பார்த்ததாகவே கருதப்பட வேண்டும் என்று தலைவர் சட்ட நுணுக்கம் ஒன்றைச் சொல்லி, தெருவின் விளக்கத்தைக் கேட்டார்.

துணைக்கு வந்திருந்த ஜியாவுதீன் பாய் எழுந்து நின்றார். நல்ல மனிதர், எதையும் யோசித்துத்தான் சொல்வார்.

"எங்க தெருவுல மத்தவங்க எல்லாம் அன்னிக்கு கடையிலதான் இருந்தாங்க சார்" என்றார்.

அது பதிவு செய்யப்பட்டது.

பிறகு தலைவர் கனிவோடு ஒரு சமரசம் முன்வைத்தார். உம்முசல்மா ஏதோ மனவருத்தத்தில் கடலுக்குள் இறங்கினார், பேரவை அவரை மீட்டது என்று அவரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். குற்றச்சாட்டுகள் கைவிடப்படும். மீட்கப்பட்டவர் என்ற முறையில் ஆண்டு விழாவில் அவருக்குச் சால்வை போடப்படும். பயணம் ஓர் உயிரையே மாற்றியது என்று ஆகிவிடும்; அதைவிடப் பெரிய பொருள் உலகத்தில் எந்தப் பயணத்துக்கும் கிடைத்ததில்லை. மறுத்தால், காரணம் இல்லாமல் பார்த்த குற்றத்துக்காக நீக்குவதைத் தவிர வழியில்லை.

உம்முசல்மா தன் கணவரைப் பார்த்தார். பாயின் சட்டையில் இரண்டு பித்தான்கள் இன்னும் தைக்கப்படாமல் இருந்தன.

"நான் சாவப் போவல சார்," என்றார். "பாக்கப் போனேன்."

"எதற்காக அம்மா? ஒரு காரணம் சொல்லுங்கள். ஏதாவது ஒரு காரணம்."

"காரணம் இருந்தா இத்தினி வருஷத்துல எப்பயாச்சும் யாராச்சும் கூட்டிக்கினு போயிருப்பாங்கல்ல சார். இல்லாததாலதான் நானா போனேன்."

தலைவர், சரி, அதனால் என்ன கிடைத்தது என்றார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. மெய்யாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போல முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சொல்லத் தெரியல சார். தண்ணியில நின்னுக்கினே ஒருவாட்டி திரும்பிப் பாத்தேன். அந்தக் கோயில் இத்தினியூண்டுதான் தெரிஞ்சுது." கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் பிரித்துக் காட்டினார். "இம்மாம் பெரிய கடலுக்கு முன்னாடி, எத்தினி வருஷமா ஒத்தையா நிக்குதேன்னு இருந்துச்சு. அதுக்குத் துணையா நானும் செத்த நேரம் நின்னேன். அவ்ளோதான்."

நாங்களும் அந்தக் கோயிலுக்கு முன் நின்றவர்கள்தான். அது எவ்வளவு பெரிது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு நினைவுக்கு வந்ததெல்லாம் போட்டோக்காரரின் முகம்தான். விரல் அளவு காட்டிச் சின்னத்தைச் சிறுமைப்படுத்தியதையும் குற்றச்சாட்டில் சேர்க்கச் சொன்னார் தலைவர்.

உம்முசல்மா நீக்கப்பட்டார். ஒருமனதாக என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். கை தூக்காத பெரியநாயகி அம்மாளின் கையை முருகேசன் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததால் அதில் பொய் ஒன்றும் இல்லை. வெளியே வந்ததும் அந்த அம்மாள் எல்லோருக்கும் எதிரிலேயே உம்முசல்மாவிடம் போய், தன் மகள் கல்யாணத்துக்கு எடுத்த புடவைகளை நாளைக்குக் கொண்டுவருகிறேன், குச்சு நீதான் கட்ட வேண்டும் என்று சொன்னார். முருகேசன் செருமினார். அவர் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. வாட்ஸாப் செய்தி வந்த வேகத்தில் இல்லாவிட்டாலும், புடவைகள் ஒவ்வொன்றாக உம்முசல்மாவின் வீட்டுக்குத் திரும்பி வரத் தொடங்கின.

இனி ஆண்டு விழா. அதற்கென்று மண்டபத்து வாசலில் ஒரு மாபெரும் பேனர் வைப்பதென முடிவாயிற்று. கடற்கரைக் கோயிலுக்கு முன் எடுத்த குழுப் படத்தைப் பேனர் கடைக்குக் கொடுத்தோம். அதில் ஒரு சிக்கல் இருந்தது. நாங்கள் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, உம்முசல்மா மட்டும் அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். நீக்கப்பட்டவரை எடுத்துவிடச் சொன்னார் முருகேசன். பிரதிநிதித்துவம் போய்விடுமே என்றார் தலைவர். பேனர் கடைக்காரர் இதெல்லாம் பழகியவர். உம்முசல்மாவை அழித்துவிட்டு, இணையத்திலிருந்து தொப்பி வைத்த ஒரு பெரியவரை எடுத்து அந்த இடத்தில் நிறுத்தினார். அவர் யார், எந்த நாட்டுக்காரர் என்று தெரியவில்லை. ஆனால் நன்றாக நல்லிணங்கினார்.

அடுத்ததாக, பின்னணியில் தெரிந்த கடலை எடுக்கச் சொன்னோம். பட்டியலில் இல்லாத ஒன்றைப் பேரவையின் பேனரில் அனுமதிக்க முடியாது. அங்கே இளநீலம் பூசப்பட்டது. தலைவரின் முகம் மற்றவர்கள் அளவுக்கே இருப்பது முறையல்ல என்று பட்டதால் பெரிதாக்கினோம். தலைவர் பெரிதானதால் பொருளாளரும் கொஞ்சம் பெரிதாக வேண்டியிருந்தது. பேரவையின் பெயர் நீளமானது; அதற்கும் இடம் வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மாதிரி வந்தது. நாங்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து, எழுத்துப்பிழை பார்த்து, ஒப்புதல் கொடுத்தோம்.

விழா சிறப்பாக நடந்தது. பேனரைப் பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். உலகப் பாரம்பரியத்தைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள் என்று சிறப்பு விருந்தினர் பேசினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் காற்று வாங்க வாசலுக்கு வந்தேன். உம்முசல்மா குச்சு கட்டி முடித்த புடவைகளைப் பையில் போட்டுக்கொண்டு அந்த வழியாகப் போனவர், பேனருக்கு எதிரே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் உருவத்தைத் தேடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து எனக்குச் சங்கடமாக இருந்தது. ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன்.

"வேணு சார், கோயில் எங்க?" என்றார்.

நான் பேனரைப் பார்த்தேன். தலைவர் இருந்தார். முருகேசன் இருந்தார். யாரென்று தெரியாத அந்தப் பெரியவர்கூட இருந்தார். எங்கள் தலைகளுக்குப் பின்னால், பேரவையின் பெயரைச் சுற்றிலும், இளநீலம் மட்டும் இருந்தது.

உம்முசல்மா பையைத் தோளில் மாற்றிக்கொண்டு நடந்தார். நான் உள்ளே ஓடி, மேடையின் பின்பக்கமாக ஏறி, தலைவரைக் கையோடு வாசலுக்கு அழைத்துவந்தேன். பேனரில் கோயில் இல்லை என்று சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார். அருகில் போய்ப் பார்த்தார். தள்ளி வந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மெய்யான அக்கறையோடு கேட்டார்:

"எந்தக் கோயில்?"